மஞ்சள் லேபிள் அம்மாள்



போன மாதம் எங்களுக்கு நாற்பதாவது கல்யாண நாள். மகன் எங்கள் இருவரையும் ஒரு பெரிய ஹோட்டலுக்குச் சாப்பிட அழைத்துப் போனான். உட்கார்ந்ததும் மெனு கார்டுக்கு முன்னால் தோல் அட்டை போட்ட இன்னொரு புத்தகம் வந்தது. அது ஒயின் பட்டியல். நம் சங்கத்தின் ஆண்டறிக்கையை விடத் தடிமன். மகன் மரியாதைக்காக அதை என் கையில் கொடுத்துவிட்டான்.

முப்பத்துநாலு வருடம் வங்கியில் எத்தனையோ பத்திரங்களைப் படித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தப் புத்தகத்தில் ஒரு வரி புரியவில்லை. விலையில் நடுவாக இருந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். வறுத்த மீனோடு வந்து சேர்ந்தது, பாயசம் போல இனிக்கிற ஷாம்பெயின். 'டெமி செக்' என்று லேபிளிலேயே எழுதியிருந்தது. அதற்கு அர்த்தம் எனக்குத்தான் தெரியவில்லை. மனைவி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் எலுமிச்சை ஜூஸ் சொல்லியிருக்கலாம் என்றாள்.

வீட்டுக்கு வந்து அந்தச் சொற்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எந்தப் பக்கம் போனாலும் ஒரே பெண்மணியின் வீட்டு வாசலில்தான் போய் நின்றேன். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. குடிக்கச் சொல்லி எழுதவில்லை. குடிக்காதவர்களும் கதைக்காகப் படிக்கலாம்.

விமான நிலையக் கடைகளில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் லேபிள் ஒட்டிய ஷாம்பெயின் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். பெயர் வெவ் க்ளிக்கோ. பிரெஞ்சில் 'வெவ்' என்றால் விதவை. நம் வீடுகளில் ஒரு காலத்தில் கணவனை இழந்த பெண்ணை நல்ல காரியங்களில் முன்னால் வர விடமாட்டார்கள். அங்கே கல்யாணத்துக்கும் புத்தாண்டுக்கும் கப்பல் வெள்ளோட்டத்துக்கும் முதலில் திறக்கிற பாட்டிலில், விதவை என்றே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அப்படிப் போட்டுக்கொண்டவர் அவரேதான். அதற்குக் காரணம் இருந்தது.

பார்ப் நிக்கோல் பொன்சார்டின் 1777 டிசம்பர் 16 அன்று பிரான்சின் வடகிழக்கில் உள்ள ரெய்ம்ஸ் நகரில் பிறந்தார். பிரெஞ்சு அரசர்கள் முடிசூடிக்கொண்ட ஊர் அது. அப்பா பெரிய துணி வியாபாரி. 1789ல் புரட்சி வெடித்தபோது பார்ப் நிக்கோலுக்குப் பதினோரு வயது. கன்னிமாடப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பெண்ணை, வீட்டுத் தையல்காரப் பெண்மணி ஏழைக் குடியானவப் பிள்ளை போல உடுத்தி, தெருவில் திரண்டிருந்த கூட்டத்தின் நடுவே அழைத்து வந்து காப்பாற்றினார் என்று குடும்பத்தில் ஒரு கதை உண்டு. அப்பா கெட்டிக்காரர். புரட்சி வந்ததும் புரட்சிக்காரர் ஆனார். நெப்போலியன் வந்ததும் அவருடைய ஆள் ஆகி, ரெய்ம்ஸ் நகர மேயரும் ஆனார்.

1798ல் இன்னொரு துணி வியாபாரியின் ஒரே மகனான பிரான்சுவா க்ளிக்கோவுக்குப் பெண்ணைக் கொடுத்தார்கள். மாமனார் பிலிப் க்ளிக்கோ துணியோடு சேர்த்து 1772லிருந்தே சிறிதாக ஒயின் வியாபாரமும் வைத்திருந்தார். மாப்பிள்ளைக்கோ துணியில் மனமில்லை, ஒயினில்தான் ஆசை. இளம் தம்பதி திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிச் சுற்றிக் கற்றுக்கொண்டார்கள். லூயி போன் என்ற விற்பனையாளரை அமர்த்தி, ஐரோப்பா முழுக்க ஆர்டர் பிடிக்க அனுப்பினார்கள். 1799ல் க்ளெமென்டீன் என்று ஒரு மகள் பிறந்தாள். 1805 அக்டோபரில் பிரான்சுவா காய்ச்சலில் இறந்துபோனார். மனைவிக்கு அப்போது 27 வயது. மகளுக்கு ஆறு.

மகன் போன துக்கத்தில் மாமனார் கடையையே மூடிவிடத் தீர்மானித்தார். இங்கேதான் மருமகள் போய் நின்று, தான் நடத்துவதாகச் சொன்னார். அந்த ஆண்டுகளில் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு முந்தைய வருடம்தான், 1804ல், நெப்போலியனின் சிவில் சட்டம் வந்திருந்தது. அதன்படி கல்யாணமான பெண் கணவன் சம்மதம் இல்லாமல் ஒப்பந்தம் போட முடியாது. கல்யாணமாகாத பெண் அப்பாவின் வீட்டுக்குள். தன் பெயரில் கையெழுத்துப் போட்டு, கடன் வாங்கி, வியாபாரம் செய்ய நடைமுறையில் வழி இருந்தவள் பெரும்பாலும் விதவைதான். மறுமணம் செய்துகொண்டால் அந்தக் கையெழுத்தும் போய்விடும். அவர் கடைசிவரை மறுமணம் செய்துகொள்ளவில்லை. விதவை என்ற சொல்லை அவர் லேபிளில் போட்டது அனுதாபத்துக்காக அல்ல. தொழில் நடத்த அவருக்கு இருந்த லைசென்சே அதுதான்.

மாமனார் ஒரு நிபந்தனை போட்டார். அலெக்சாந்தர் ஃபுர்னோ என்ற அனுபவசாலியோடு கூட்டாக நாலு வருடம் தொழில் கற்க வேண்டும். கற்றார். ஆனால் அது நெப்போலியன் யுத்தக் காலம். துறைமுகங்கள் அடைபட்டுக் கிடந்தன. சரக்கு வழியிலேயே கெட்டது. 1810ல் கூட்டு முடிந்தபோது ஃபுர்னோ விலகிக்கொண்டார். பார்ப் நிக்கோல் விலகவில்லை. மாமனாரிடம் இன்னொரு முறை பணம் கேட்டு வாங்கி, வெவ் க்ளிக்கோ பொன்சார்டின் என்று தன் பெயரிலேயே நிறுவனத்தைத் தொடங்கினார். வங்கிக்காரனாகச் சொல்கிறேன், அந்தக் கணக்குப் புத்தகத்தை என் மேஜையில் வைத்திருந்தால் நான் கடன் கொடுத்திருக்க மாட்டேன்.

1811ல் வானத்தில் ஒரு பெரிய வால்நட்சத்திரம் மாதக்கணக்கில் தெரிந்தது. அந்த வருடத் திராட்சை அபாரமாக விளைந்தது. நட்சத்திரம் கொடுத்த விளைச்சல் என்று ஊரே நம்பியது. அவர் கார்க்கில் நட்சத்திர முத்திரை குத்தினார். சரக்கு முதல்தரம்தான். வாங்க ஆள் இல்லை. நல்ல விலை கொடுக்கக்கூடிய ரஷ்யாவில், பாட்டிலில் அடைத்த பிரெஞ்சு ஒயினுக்குத் தடை. ஷாம்பெயினைப் பாட்டிலில் அடைக்காமல் வேறு எதில் அனுப்புவது?

1814ல் யுத்தம் ரெய்ம்ஸ் வாசலுக்கே வந்தது. ரஷ்யப் படைகள் நகரத்துக்குள் நுழைந்தன. சிப்பாய்கள் உள்ளூர் ஷாம்பெயினைக் குடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் தன் நிலவறைகளின் வாசலை அடைத்து மூட ஏற்பாடு செய்து, 1811ஆம் வருடச் சரக்கைக் காப்பாற்றினார். ஏப்ரலில் நெப்போலியன் பதவி இழந்தார். ரஷ்யா தடையை எடுக்கும், எடுத்ததும் எல்லா ஷாம்பெயின்காரர்களும் கப்பல் பிடிக்க ஓடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர் தடை நீங்கும் வரை காத்திருக்கவில்லை. ஜூன் மாதம் ஒரு டச்சுக் கப்பலை ரகசியமாக வாடகைக்குப் பிடித்து 10,550 பாட்டில்களை ஏற்றி, லூயி போனையும் கூடவே அனுப்பினார். கப்பல் போனது பால்டிக் கடலோரம் உள்ள கோனிக்ஸ்பெர்க் துறைமுகத்துக்கு. இன்று அந்த ஊரின் பெயர் கலினின்கிராட். கோடை வெயிலில் பாட்டில்கள் வெடித்தாலும், கப்பலை யாராவது மடக்கினாலும், தடை நீங்காமல் போனாலும் நிறுவனம் அத்தோடு முடிந்தது. எதுவும் நடக்கவில்லை. தடை நீங்கியது. போட்டியாளர்களின் சரக்கு கிளம்பும் முன்னே இவருடையது விற்றே போயிற்று. பின்னாலேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு 12,780 பாட்டில்களோடு இரண்டாவது கப்பலும் போனது. ரஷ்யப் பிரபுக்கள் மத்தியில் ஷாம்பெயின் என்றாலே க்ளிக்கோ என்று ஆனது.

இனிமேல்தான் அவருக்கு உண்மையான தலைவலி. ஆர்டர் குவிகிறது, பாட்டில் தயாராக மாட்டேன் என்கிறது. அது ஏன் என்று புரிந்தால் ஒயின் பட்டியலில் பாதி புரிந்த மாதிரி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஷாம்பெயின் முதலில் சாதாரண வெள்ளை ஒயின்தான். அதைப் பாட்டிலில் ஊற்றிக் கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். உள்ளே மறுபடி நொதிக்கும். அந்த வாயு வெளியே போக வழியில்லாமல் ஒயினிலேயே கரைந்து நிற்கிறது. நீங்கள் பார்க்கிற குமிழி அதுதான். பாட்டிலுக்குள் அழுத்தம் சுமார் ஆறு வளிமண்டலம், நம் கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அந்தக் காலத்துக் கண்ணாடி அதைத் தாங்காது. நிலவறையில் ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் வெடிக்கும் என்பதால், வேலைக்காரர்கள் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு நடமாடினார்கள்.

வேலை முடிந்த ஈஸ்ட் செத்து வண்டலாக அடியில் தங்கும். வாயு போகாமல் வண்டலை மட்டும் எப்படி எடுப்பது? வேறு பாட்டிலுக்கு மாற்றினால் பாதிக் குமிழி போய்விடும். எடுக்காவிட்டால் கலங்கல் தண்ணீர் போல இருக்கும். நிறுவனத்தில் சொல்லப்படும் கதைப்படி, 1816ல் அம்மாள் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் சாய்வான ஓட்டைகள் போடச் சொல்லி, பாட்டில்களைத் தலைகீழாகச் செருகி வைத்தார். தலைமை நிலவறைக்காரர் அந்துவான் மியுல்லரும் கூட இருந்தார். தினமும் ஒவ்வொரு பாட்டிலையும் பிடித்து லேசாகக் குலுக்கி, கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் வண்டல் முழுவதும் சறுக்கிக் கழுத்துக்கு வந்து கார்க்கின் மேல் உட்கார்ந்துவிடும். சட்டென்று திறந்தால் அது மட்டும் பாய்ந்து வெளியே போகும். குறைந்த அளவுக்குச் சர்க்கரைப் பாகு கலந்த ஒயினை ஊற்றி, மறுபடி அடைத்துவிடலாம். ஒயின் கண்ணாடி மாதிரி நிற்கும். சில வருடங்கள் ரகசியமாக வைத்திருந்தார்கள். பிறகு எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இன்று பெரிய நிறுவனங்களில் இயந்திரங்கள் கூண்டு கூண்டாகத் திருப்பி, ஒரு வாரத்தில் முடித்துவிடுகின்றன. முறை அதேதான்.

அப்படியானால் பட்டியலைத் திறந்ததும் நீங்கள் பார்க்க வேண்டியது, பாட்டிலிலேயே நொதித்ததா, பெரிய தொட்டியில் நொதித்ததா என்பது. ஷாம்பெயின், பிரான்சின் மற்றப் பகுதிகளில் செய்யும் க்ரெமான், ஸ்பெயினின் காவா மூன்றும் பாட்டிலில் நொதித்தவை. க்ரெமானும் காவாவும் விலையில் பெரும்பாலும் ஷாம்பெயினுக்கு வெகு கீழே இருக்கும். வேலைப்பாடு ஒன்றே. இத்தாலியின் ப்ரொசெக்கோ பெரும்பாலும் தொட்டியில் செய்வது. பழவாசனையோடு லேசாக இருக்கும், ஈஸ்டில் கிடந்து வருகிற அந்த ரொட்டி வாசனை இருக்காது. தாழ்வு என்று சொல்ல மாட்டேன், வேறு சரக்கு. ஜெர்மனியின் செக்ட் இரண்டு விதத்திலும் வரும். ஜெர்மனியில் இன்றும் இருக்கிற மிகப் பழைய செக்ட் நிறுவனத்தை 1826ல் எஸ்லிங்கன் நகரில் தொடங்கிய கெஸ்லர், அதற்கு முன் க்ளிக்கோ அம்மாளிடம் வேலை பார்த்துப் பங்காளி வரை உயர்ந்தவர்.

கெஸ்லர் பேச்சைக் கேட்டு அம்மாள் ஒரு தப்பும் செய்தார். ஒயின் பணத்தை எடுத்து வங்கி, துணி ஆலை என்று போட்டார். 1828ல் அவர்கள் பணம் இருந்த பாரிஸ் வங்கி ஒன்று சரிந்தபோது க்ளிக்கோ நிறுவனமும் முழுகப் பார்த்தது. எதுவார் வெர்லே என்ற இளைஞர் தன் சொந்தச் சொத்தை முன்வைத்துப் பணம் புரட்டிக் காப்பாற்றினார். அதன் பிறகு வங்கியும் வேண்டாம் ஆலையும் வேண்டாம் என்று அம்மாள் ஒயினோடு நின்றுகொண்டார். 1831ல் வெர்லே பங்காளி ஆனார். ஒரு சரிவில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து ஆளை எடுப்பது எங்கள் தொழிலிலும் பழைய வழக்கம்.

இதற்கு நடுவே 1818ல் இன்னொன்றும் செய்தார். அதுவரை இளஞ்சிவப்பு ஷாம்பெயினுக்கு எல்டர்பெரிப் பழச் சாயம் சேர்ப்பார்கள். இவர் பூசி என்ற ஊரில் இருந்த தன் தோட்டத்துச் சிவப்பு ஒயினையே வெள்ளையோடு கலந்தார். இன்றும் ஷாம்பெயின் ரோசே பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

இனி என் டெமி செக் விஷயத்துக்கு வருகிறேன். வண்டல் எடுத்த பிறகு ஊற்றுகிற சர்க்கரைப் பாகு எவ்வளவு என்பதைத்தான் அந்தச் சொற்கள் சொல்கின்றன. லிட்டருக்கு 12 கிராமுக்குள் இருந்தால் ப்ரூட். 6 கிராமுக்குள் என்றால் எக்ஸ்ட்ரா ப்ரூட். 3 கிராமுக்கும் குறைந்து, பாகே ஊற்றாமல் விட்டால் ப்ரூட் நேச்சர். 12 முதல் 17 வரை எக்ஸ்ட்ரா டிரை. இதில் ஏமாந்துவிடாதீர்கள், டிரை என்று பெயர் வைத்துக்கொண்டு ப்ரூட்டை விட இனிப்பாக இருக்கும். 17 முதல் 32 வரை செக். 32 முதல் 50 வரை நான் மாட்டிக்கொண்ட டெமி செக். அதற்கு மேல் டூ. மீனோடும் வறுவலோடும் ப்ரூட் அல்லது அதற்குக் கீழே கேளுங்கள். டெமி செக்கைக் கடைசியில் பழ டார்ட் வரும்போது சொன்னால் அது நல்ல பாட்டில்தான். தப்பு அதனுடையது அல்ல.

வேடிக்கை என்னவென்றால், அம்மாள் ரஷ்யாவுக்கு அனுப்பியது டெமி செக்கை விடப் பல மடங்கு இனிப்பு. அவர் பாட்டிலை இன்றைய ஹோட்டலில் தந்தால் ஐஸ்கிரீமோடுதான் வைப்பார்கள். ப்ரூட்டைப் பிரபலமாக்கியது இன்னொரு விதவை. அதே ரெய்ம்ஸ் ஊரின் மதாம் பொமேரி 1858ல் கணவனை இழந்து தொழிலை ஏற்றார். ஆங்கிலேயர்களுக்கு இனிப்புப் பிடிக்கவில்லை என்று கண்டு, 1874ஆம் வருட விளைச்சலை ப்ரூட்டாகவே விற்றார்.

பட்டியலில் இன்னும் இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். ப்ளாங் தெ ப்ளாங் என்றால் வெள்ளைத் திராட்சையில் மட்டும் செய்தது, ஷாம்பெயினில் அநேகமாக ஷார்டனே. இறால், சிப்பி, ஆவியில் வெந்த மீனுக்குப் பொருந்தும். ப்ளாங் தெ நுவார் என்றால் கறுப்புத் திராட்சையின் சாறு. தோல்தான் கறுப்பு, சாறு வெள்ளை. கொஞ்சம் கனமாக இருக்கும், கோழிக்கும் காளானுக்கும் சரி. வருடம் போட்டிருந்தால் அந்த ஒரே வருட விளைச்சல். குறைந்தது மூன்று வருடம் நிலவறையில் இருந்திருக்கும். வருடம் போடாதது பல வருட ஒயின்களின் கலவை, குறைந்தது பதினைந்து மாதம். 1810ஆம் வருடத்ததே வருடம் குறித்துச் செய்த முதல் ஷாம்பெயின், செய்தது எங்கள் அம்மாள் என்று க்ளிக்கோ நிறுவனம் சொல்லிக்கொள்கிறது. வருடம் போடாததே வீட்டின் நிரந்தரக் கைமணம் என்பதால் முதல் தடவைக்கு அதையே வாங்குவது புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம்.

குமிழியே வேண்டாம், வெள்ளை ஒயின் போதும் என்றால் ஷாப்ளி என்று தேடுங்கள். ஷாம்பெயின் பகுதிக்குத் தெற்கே, அதே போலக் குளிரும் சுண்ணாம்பு மண்ணும் உள்ள ஊர். அதே ஷார்டனே திராட்சை. புளிப்பு எலுமிச்சை பிழிந்த மாதிரி சுத்தமாக இருக்கும். ஜெர்மன் ரீஸ்லிங் வாங்கினால் 'ட்ரோக்கன்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள், இனிப்பு இல்லாதது என்று அர்த்தம். நம் காரக் குழம்புக்குக் கொஞ்சம் இனிக்கிற ரீஸ்லிங்கும் பொருந்தும் என்கிறார்கள். நான் இன்னும் வைத்துப் பார்க்கவில்லை. விலையைச் சொல்லக் கூச்சமாக இருந்தால், பரிமாறுபவரிடம் பட்டியலில் உங்களுக்குச் சரிப்படும் விலை உள்ள வரியைத் தொட்டுக் காட்டி, இந்த மாதிரி என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார். முதலில் ஒரு வாய் ஊற்றித் தருவது பிடித்திருக்கிறதா என்று கேட்க அல்ல, ஒயின் கெட்டிருக்கிறதா என்று பார்க்க. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் தாராளமாகத் திருப்பி அனுப்பலாம்.

அம்மாளின் கடைசிக் காலம் மார்ன் ஆற்றோரம் பூர்சோ என்ற ஊரில், 1840களில் கட்டிய பெரிய மாளிகையில் கழிந்தது. நிர்வாகத்தை வெர்லேயிடம் விட்டிருந்தார், கணக்கை விடவில்லை. மகள் க்ளெமென்டீன் 1863ல் இவர் கண்ணெதிரே போய்விட்டாள். லெயோன் கோஞே வரைந்த ஒரு படம் இருக்கிறது. தடித்த உடம்பும் லேஸ் தொப்பியுமாக ஒரு பாட்டி நாற்காலியில் கையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார், காலடியில் கொள்ளுப்பேத்தி ஆன். பாட்டில் மூடியின் கம்பிக்கு மேலே உள்ள சின்னத் தகட்டில் இருப்பதும் பாட்டியின் முகம்தான். அந்தக் கொள்ளுப்பேத்தி பிற்பாடு உசேஸ் சீமாட்டி ஆகி, 1898ல் கார் ஓட்டும் உரிமம் வாங்கினார். பிரான்சில் அதை வாங்கிய முதல் பெண். அதே வருடம் பாரிஸ் பூங்காச் சாலையில் மணிக்கு 12 கிலோமீட்டர் வரம்பை மீறி 15ல் போனதற்கு அபராதமும் கட்டினார். நம் பேஸ்மென்டில் 10 என்று பலகை வைத்திருப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் கவனிக்க.

1866 ஜூலை 29 அன்று, 88 வயதில், பூர்சோவில் அம்மாள் காலமானார். மாளிகை குடும்பத்துக்குப் போயிற்று. தொழில் வெர்லேயிடம் போயிற்று. மஞ்சள் லேபிளை வணிகக்குறியாகப் பதிவு செய்தது 1877ல்தான். இனிப்புக் குறைந்த சரக்கை மற்றதிலிருந்து பிரித்துக் காட்ட அந்த நிறம் வந்தது. ஆக, உலகமே அவரை அடையாளம் காண்கிற நிறத்தில் பதிவான லேபிளை அவர் பார்க்கவே இல்லை.

2010ல் பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே ஓலாண்ட் தீவுகளின் பக்கம், கடலுக்கடியில் ஒரு பழைய கப்பலை முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். அதில் 168 ஷாம்பெயின் பாட்டில்கள். சில க்ளிக்கோ அம்மாளுடையவை, அவர் உயிரோடு இருந்த காலத்தவை. அடித்தளத்துக் குளிரும் இருட்டும் நிலவறை போலவே காத்திருந்தன. ஆராய்ந்து பார்த்ததில் லிட்டருக்குச் சுமார் 150 கிராம் சர்க்கரை. மறு வருடம் ஏலத்தில் ஒரு க்ளிக்கோ பாட்டில் 30,000 யூரோவுக்குப் போனது. அதைப் படித்துக் காட்டியதும் என் மனைவி, நாம் குடித்ததற்கு எவ்வளவு ஆயிற்று என்று மகனிடம் கேட்டாயா என்றாள். நான் இன்னும் கேட்கவில்லை.